லாவண்யா தூங்கட்டும்

நவம்பர் 5, புதன்

விடியக்காலை மழை. முதல் டிரிப் டூட்டி. குடை இருந்தும் புத்தூர் டிப்போ போறதுக்குள்ள பாதி நனைஞ்சாச்சு.

ராத்திரி தூக்கம் இல்ல. ரேணிகுண்டா கேட்டவருக்குத் திருப்பதி டிக்கெட் அடிச்சுட்டேன். "ஏமம்மா, ராத்ரி நித்ர ராலேதா?"ன்னு கேட்டார். தூக்கம் வரலியான்னுதான். சிரிச்சு மழுப்பினேன். கண்டக்டர் வேலைல இத்தனை வருஷத்துல இப்படி ஆனது இல்ல.

காரணம் மருமகளோட குறட்டை. வெளிய சொல்லிக்க முடியல, இங்கயாவது எழுதறேன்.

தினேஷுக்கு ஆவணில கல்யாணம் ஆச்சு. லாவண்யா பிச்சாட்டூர் பொண்ணு. டிகிரி படிச்சவ. ஒல்லி, காத்தடிச்சா சாயற உடம்பு. அதுக்குள்ள இருந்து லோடு லாரி மேடு ஏர்ற மாதிரி சத்தம். எங்க ரூமுக்கும் அவங்க ரூமுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். நடுவுல சில சமயம் நின்னுடும். அப்பாடான்னு கண்ணை மூடுவேன். உடனே ஒரு பெரிய இழுப்பு, திரும்ப ஆரம்பம்.

குண்டா இருக்கறவங்கதான் குறட்டை விடுவாங்கன்னு நெனச்சிருந்தேன்.

இவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. லாரி ஓட்டி ஓட்டி ஒரு காது மந்தம். நல்ல காதைத் தலையணைல வெச்சுக்கினு தூங்கிடறார். கொடுத்து வெச்சவர்.

தினேஷ் நேத்துல இருந்து ஹால்ல படுக்கறான். "ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் விடியறதுக்கு முன்னாடியே வந்துடும்மா, தூக்கம் இல்லாம மிஷின்கிட்ட நிக்க முடியாது." இதைச் சொன்னப்ப லாவண்யா சமையல்கட்டு வாசல்ல நின்னுகினு இருந்தா. தோசைக்கரண்டி கைல.

நாளைக்கு: இவர் பிபி மாத்திரை. துவரம்பருப்பு. குடைக்கம்பி சரி பண்ணணும்.

நவம்பர் 7, வெள்ளி

ஆஃப். மழை விட்டுச்சு. துணி எல்லாம் நானே போட்டேன்.

லாவண்யா நைட்டியைக் கசக்கறப்ப கைல ஏதோ உருண்டையா தட்டுப்பட்டுச்சு. திருப்பிப் பார்த்தா முதுகுப் பக்கம் சின்னதா ஒரு பை. கைத்தையல், பொடிப்பொடியா, அழகா. உள்ள ஒரு டென்னிஸ் பந்து.

மொதல்ல புரியல. அப்பால புரிஞ்சுது. மல்லாந்து படுத்தா சத்தம் ஜாஸ்தி ஆகுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. திரும்பினா பந்து குத்தும், முழிச்சுக்கலாம். அந்த உடம்புக்கு, அந்த முதுகெலும்புக்கு, ராத்திரி பூரா ஒரு பந்து.

பந்தை எடுக்காம அப்படியே கொடில போட்டேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்.

மத்தியானம் பீன்ஸ் நறுக்கறேன்னு உட்கார்ந்தவ அரிவாமனை முன்னாலயே தூங்கி விழுந்தா. நல்ல வேளை, இவர் பார்த்துத் தோளைப் புடிச்சார். "கண்ணு, போய்ப் படு. பீன்ஸ் எங்கயும் ஓடாது"ன்னார். படுக்க மாட்டேன்னுட்டா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்னு பயம் போல. முகத்தைக் கழுவிக்கினு வந்து திரும்ப உட்கார்ந்தா. காபி மட்டும் ஓயாம குடிக்கறா.

தினமும் காலைல நெத்தியைப் புடிச்சுக்கினுதான் எழறா. தலைவலித் தைலம் பாதி பாட்டில் காலி.

நவம்பர் 9, ஞாயிறு

நாத்தனார் சரோஜா வந்திருந்தா. கோழிக்குழம்பு. நல்லா துன்னா. துன்னுட்டு ஆரம்பிச்சா.

"அண்ணி, ஊரே பேசுது. பொண்ணு ஊட்டுக்காரங்க மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க. அவங்க ஊட்டுக்கு அனுப்பு, சரி பண்ணி அனுப்பட்டும். மூக்குல நெய் ஊத்தினா போதும்பாங்க. அப்படியும் போவலன்னா அப்பால பேசலாம்."

அப்பால பேசலாம்னா இன்னா பேச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். லாவண்யா தட்டு எடுத்துக்கினு இருந்தா. தட்டு மேல தட்டு வெக்கற சத்தம் மட்டும்.

இவர், "இன்னா சொன்னே?"ன்னு காதுல கை வெச்சுக் கேட்டார். நெஜமாவே கேட்கலியா, கேட்காத மாதிரியான்னு தெரியல. தினேஷ் செல்லைப் பார்த்துக்கினு இருந்தான். வாயைத் திறக்கல. அதுதான் எனக்குச் சுருக்குனு ஆச்சு.

நானும் பெருசா ஒண்ணும் சொல்லல. "பார்க்கலாம்"னேன்.

சாயங்காலம் மாடில துணி எடுக்கப் போனேன். லாவண்யா அவங்க அம்மாகிட்ட போன்ல: "நீ வரவேணாம்மா. நானே வந்துடறேன். சண்டை எல்லாம் இல்ல. அவங்க நல்லவங்கதான். தூங்கட்டும் பாவம்."

துணியை எடுக்காமலேயே இறங்கிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

எழுதக் கை ஓடல. ஆனா இன்னிக்கு நடந்ததை எழுதி வெக்கணும்.

சத்தியவேடு ரூட் கண்டக்டருக்குக் காய்ச்சல்னு என்னை மாத்திப் போட்டாங்க. ஊட்ல யாருக்கும் தெரியாது. புத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒரே கூட்டம். கை கால் முறிவுக்குப் புத்தூர்க் கட்டு கட்டிக்கினு திரும்பிப் போறவங்க, காலேஜ் பசங்க, பூக்கூடை. "ஜரகண்டி, முந்துக்கு ஜரகண்டி"ன்னு எல்லாரையும் முன்னால தள்ளிக்கினே வந்தேன். ஜன்னலோர சீட்டுல ஒரு பொண்ணு, மடில பை. குனிஞ்சு மிஷினைப் பார்த்துக்கினே, "எக்கடம்மா?"ன்னேன்.

"பிச்சாட்டூர், அத்தே."

தலையைத் தூக்கினா, லாவண்யா.

கூட்டம் முதுகைத் தள்ளுது. என் வாய் தன்னால "ஆதார்"னு கேட்டுச்சு. அவளும் எடுத்துக் காட்டினா. பொம்பளைங்களுக்கு இலவசம், ஆனா கார்டு பார்க்கணுமே. ஜீரோ டிக்கெட் அடிச்சுக் கைல குடுத்தேன். மாமியார் மருமகளுக்கு! இப்ப எழுதறப்ப சிரிப்பு வருது. அப்ப வரல.

நாராயணவனம் தாண்டறதுக்குள்ள தூங்கிட்டா. ஜன்னல் கம்பில தலை. வாய் திறந்திருக்கு. ஆரம்பிச்சுடுச்சு.

பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. "இன்னாப்பா, டிரைவர் கியர் மாத்தறாரா?"ன்னு ஒருத்தன். பின்னால சிரிப்பு. காலேஜ் பையன் ஒருத்தன் செல்லைத் தூக்கினான். அவன் கையைப் புடிச்சு இறக்கினேன். "உள்ள வை. அது என் ஊட்டுப் பொண்ணு." அவன் முகம் செத்துப் போச்சு. சிரிப்பும் அடங்குச்சு.

அப்பால சத்தம் நின்னுது. எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்த்தாங்க. நான் அவ பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். அதனால பார்த்தேன். பகல் வெளிச்சத்துல, ரெண்டு அடி தூரத்துல.

சத்தம்தான் நின்னுச்சு, ஆனா மூச்சும் வரல. நெஞ்சு மேல கீழ போராடுது. தொண்டைக் குழி உள்ள இழுக்குது. காத்து மட்டும் போவல. மூக்குகிட்ட விரல் வெச்சேன். ஒண்ணும் இல்ல. உதடு ஒரு மாதிரி கறுத்துப் போச்சு.

"லாவண்யா!"ன்னு புடிச்சு உலுக்கினேன். கெணத்துல முழுகினவ மேல வர மாதிரி ஒரு இழுப்பு. கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்தா. மொதல்ல கேட்டது இன்னா தெரியுமா?

"சத்தம் போட்டுட்டேனா அத்தே?"

சுவருக்கு அந்தாண்ட சத்தம் நிக்கறப்ப எல்லாம் அப்பாடான்னு நான் கண்ணை மூடினேனே. அப்ப எல்லாம் இதுதானா நடந்துகினு இருந்தது?

பக்கத்து சீட்டுல ஒரு நர்ஸம்மா. திருப்பதில நைட் டூட்டி முடிச்சு நாகலாபுரம் போறவங்க. பாதி தெலுங்கு, பாதி தமிழ். "அக்கா, நானும் பாத்துக்கினேதான் வந்தேன். இது சும்மா குறட்டை காது, வெறும் குறட்டையே இல்ல. தூக்கத்துல மூச்சு நிக்குது. ஒல்லியா இருந்தாலும் வரும். ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டுங்க, லேட் பண்ணாதீங்க. இப்படியே உட்டா பிபி, ஹார்ட்டு எல்லாத்தையும் கெடுக்கும்."

பிச்சாட்டூர் வந்துச்சு. ஏரி தளும்பத் தளும்ப நிக்குது, ஜனம் கரைல வேடிக்கை. லாவண்யா பையை எடுத்துக்கினு எழுந்தா.

"உக்காரு"ன்னேன்.

"அம்மா ஸ்டாப்புல நிக்குது அத்தே."

நின்னுகினுதான் இருந்தாங்க, கைல குடையோட. ஜன்னல் வழியாச் சொன்னேன்: "சம்பந்தி, பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. திருப்பதில டாக்டர்கிட்ட காட்டிட்டு நானே கூட்டிக்கினு வரேன். கோவம் ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க." அந்தம்மா மக முகத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. தலையை ஆட்டினாங்க. "ரைட்"னு குரல் கொடுத்தேன்.

சத்தியவேடு வரைக்கும் கூட்டிப் போய், அதே பஸ்ல புத்தூருக்குக் கூட்டிக்கினு வந்தேன். வழி பூரா தூங்கினா. நின்னப்ப எல்லாம் தோளைத் தொட்டேன். யார் சிரிச்சாங்கன்னு பார்க்கல.

நவம்பர் 11, செவ்வாய்

தினேஷைச் சாயங்காலம் மாடிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ல பார்த்ததைச் சொன்னேன். "அவளை நான் எங்கயும் அனுப்பல. நீ எங்க படுக்கறதுன்னு நீயே பார்த்துக்கோ"ன்னேன். கொஞ்சம் கடுமையாத்தான்.

அவன் கைப்பிடிச் சுவரைப் புடிச்சுக்கினு நின்னான்.

"எனக்குத் தெரியும்மா, மூச்சு நிக்கறது. கல்யாணம் ஆன மொத வாரமே பார்த்தேன். மூக்குல விரல் வெச்சு வெச்சுப் பார்ப்பேன். போன வாரம் ஒரு நாள் ரொம்ப நேரம் வரவே இல்ல. போயிட்டான்னே நெனச்சுட்டேன். அதுக்கப்பால அந்த ரூம்ல படுக்க முடியலம்மா. சத்தத்துக்காக இல்ல."

"அவகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? நீ தூங்கறப்ப செத்துச் செத்துப் பொழைக்கறேன்னா?"

என் புள்ளை அழுதான். சின்ன வயசுக்கு அப்பால இப்பத்தான் பார்க்கறேன். திட்ட வந்தவ, முதுகைத் தடவிக்கினு நின்னேன்.

ராத்திரி ஹால்ல இருந்த பாயைச் சுருட்டிக்கினு அவங்க ரூமுக்குப் போனான்.

நவம்பர் 13, வியாழன்

லீவு போட்டேன். தினேஷும் போட்டான். மூணு பேரும் திருப்பதி. அலிபிரி பக்கம் ஈ.என்.டி. டாக்டர், நடு வயசு அம்மா. நல்ல கூட்டம். டோக்கன் வாங்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தோம். லாவண்யா ஒரு இடத்துல நிக்காம நடந்துகினே இருந்தா. உட்கார்ந்தா தூங்கிடுவோம்னு பயம்.

டாக்டரம்மா எங்களை ஒண்ணும் கேட்கல. அவளைக் கேட்டாங்க.

"காலைல எழறப்ப தலைவலி உண்டாம்மா?"

"தினமும் மேடம்."

"வாய் வறண்டு போகுமா? பகல்ல தூக்கம் தள்ளுமா? ஞாபக மறதி?"

எல்லாத்துக்கும் ஆமா.

"ராத்திரி படுத்து எழுந்தா, தூங்கின மாதிரி இருக்கா உனக்கு?"

வாயைப் பொத்திக்கினு அழ ஆரம்பிச்சுட்டா. டாக்டரம்மா காகிதத் துண்டு எடுத்துக் குடுத்தாங்க.

ரெண்டு மாசமா இந்த ஊட்ல எல்லாரும் தூக்கம் இல்லன்னு சொன்னோம். எனக்கு இல்ல, தினேஷுக்கு இல்ல, பக்கத்து ஊட்டுக்கு இல்ல. அவ தூங்கினாளான்னு ஒருத்தர் கேட்கல.

டார்ச் அடிச்சு வாயைப் பார்த்தாங்க. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. டான்சில் ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, நடுவுல கொஞ்சூண்டு சந்து. மூக்குத் தண்டும் ஒரு பக்கம் வளைஞ்சிருக்காம். முழிச்சிருக்கறப்ப எப்படியோ மூச்சு போவுது. தூங்கினா சதை தளர்ந்து வழியை அடைச்சுடுது. மூளை பதறிப் போய் எழுப்புது. ராத்திரி பூரா இதேதான். "சில பேருக்கு எடையால வரும், சில பேருக்குத் தைராய்டு, சில பேருக்குத் தாடை அமைப்பு. இவங்களுக்கு வழியே குறுகல். சோம்பேறித்தனம் இல்லம்மா இது, வியாதி."

நெய் விஷயம் கேட்டேன். "வேணாம். மூக்குல ஊத்தற எண்ணெய், நெய் நுரையீரலுக்குப் போனா வேற தொல்லை." சரோஜாவுக்குச் சொல்லணும்.

ரத்தம் எடுத்தாங்க. ராத்திரி ஊட்லயே ஒரு டெஸ்ட் பண்ணணுமாம், அதுக்கு ஒரு சின்ன மிஷின் தருவாங்களாம்.

திரும்பறப்ப ஓட்டல்ல பூரி. லாவண்யா ரெண்டு செட் துன்னா. பார்க்கவே நல்லா இருந்துச்சு.

நவம்பர் 16, ஞாயிறு

அந்த டெஸ்ட் மிஷின் நேத்து ராத்திரி. நெஞ்சுல பெல்ட், மூக்குல மெல்லிசா குழாய், விரல்ல கிளிப். தினேஷ்தான் மாட்டினான். கம்பெனில பொடிப் பொடி பார்ட்ஸ் மாட்டற கை. பெல்ட் இறுக்குதான்னு கேட்டுக் கேட்டு மாட்டினான்.

"இன்னிக்கு நல்லா சத்தமா போடு, வெக்கப்படாதே. ரெக்கார்ட் ஆவணும்"னு அவன் சொல்ல, அவ அவன் தோள்ல ஒண்ணு வெச்சா. ரெண்டு பேர் சிரிக்கற சத்தம் சுவர் வழியா வந்துச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நேத்துத்தான் கேட்டேன்.

இவர் காலைல, "ராத்திரி ஏதோ டெஸ்டுன்னீங்களே, எப்ப?"ன்னார்.

நவம்பர் 19, புதன்

ரிப்போர்ட் வந்துச்சு. நிறைய தடவை நிக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இறங்குது. தைராய்டும் கொஞ்சம் குறைவு, அதுக்கு மாத்திரை, வெறும் வயத்துல.

ரெண்டு வழி சொன்னாங்க. தினமும் மூக்குல மாஸ்க் வெச்சு, காத்து தள்ளற மிஷினோட படுக்கறது ஒண்ணு. டான்சில் எடுத்து மூக்குத் தண்டைச் சரி பண்ணறது இன்னொண்ணு. ஆபரேஷனுக்கு அப்பால சில மாசம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். முழுசா சரியாவலன்னா மிஷின் வேண்டி வரலாம். மூடி மறைக்காம சொன்னாங்க. தினேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நான் அவங்களைக் கேட்டேன்"னாங்க டாக்டரம்மா.

"ஆபரேஷனே பண்ணிக்கறேன் மேடம்"னா லாவண்யா. அவளே சொல்லிட்டா.

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்தாங்க. கொய்யாப்பழம் ஒரு பை. உட்காரச் சொன்னா உட்காரல. கையெடுத்துக் கும்பிட வந்தாங்க, புடிச்சுக்கினேன்.

"சின்னதுல இருந்தே இப்படித்தாங்க. வளந்தா போய்டும்னாங்க. ஸ்கூல்ல தூங்குமூஞ்சின்னு பேரு. திருப்பதில ஹாஸ்டல்ல சேர்த்தோம். ரூம் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து வார்டன்கிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க. தினமும் பஸ்ல போய் வந்துதான் டிகிரி முடிச்சா. கல்யாணப் பேச்சுல சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல. சொன்னா யார் கட்டுவாங்க?"

கோவம் வரணும். வரல. எனக்கு ஒரு பொண்ணு இருந்து இப்படி இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனா? தெரியல.

பாஸ் காட்டி ஏர்ற பொண்ணுங்க எத்தனை பேர். எப்பவாவது என் பஸ்லயும் இவ நின்னுகினே தூங்கியிருப்பா. முகம் ஞாபகம் இல்ல.

ராத்திரி சம்பந்தியம்மா எங்க ஊட்லயே தங்கினாங்க. கொய்யா நல்ல இனிப்பு.

நவம்பர் 27, வியாழன்

ஆபரேஷன். காலைல தூறல்.

உள்ள கூட்டிப் போறப்ப என் கையை விடல. "மயக்க மருந்துல சத்தம் போடுவேனா அத்தே?" பைத்தியம். "போடு. டாக்டரம்மாவும் கேட்கட்டும்"னேன்.

வெளிய தினேஷ் நடந்துகினே இருந்தான். இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், தூங்கறார்னு நெனச்சேன். உதடு அசைஞ்சுது. ஏழுமலையானைத்தான் கூப்பிட்டுக்கினு இருந்தார்.

சரோஜா போன். "ஆபரேஷன் வரைக்குமா? அவ்ளோ செலவு பண்ணி…" இவர் வாங்கிக் காதுல வெச்சார். ஆஸ்பத்திரின்னும் பார்க்காம சத்தமா, "இது நம்ம பொண்ணு சரோஜா. வந்து பார்க்கறதுன்னா வா. இல்லன்னா போனை வை"ன்னார். இத்தனை வருஷத்துல தங்கச்சிகிட்ட இப்படிப் பேசிப் பார்த்தது இல்ல.

நல்லபடியா முடிஞ்சுது. மூக்குல பஞ்சு. முகம் வீங்கி, பாவமா. பேசக் கூடாது. கண்ணால தினேஷைத் தேடினா.

டிசம்பர் 2, செவ்வாய்

டூட்டி. திருப்பதில நல்ல கூட்டம், மலைக்குப் போறவங்க.

லாவண்யாவுக்குத் தொண்டை ரணம். எச்சில் முழுங்கினாலே கண்ணுல தண்ணி. ஐஸ்கிரீம், ஆறின கஞ்சி, மோர். காரம் கூடாது. அதனால ஊட்ல யாருக்கும் காரம் இல்ல, இவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு துன்றார்.

வீக்கத்தால சத்தம் இன்னும் இருக்கு. கொஞ்ச நாள் ஆவும்னாங்க. தலையை உயர்த்திப் படுக்க ரெண்டு தலையணை. என் தலையணையைக் குடுத்துட்டேன்.

சரோஜா வந்தா. ஒரு டப்பா ஐஸ்கிரீம். உள்ள போய் அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்தா. இன்னா பேசினான்னு கேட்கல.

டிசம்பர் 20, சனி

ஆஃப். மார்கழிக் குளிர், வாசல்ல பனி. கோலம் நான்தான் போட்டேன். கோணல்.

தினேஷ் ஷிப்டுக்குப் போறப்ப செருப்பைக் கைல எடுத்துக்கினு போனான். "தூங்கறாம்மா. எழுப்பாதே."

சரின்னு விட்டுட்டேன். குக்கர் வெக்கல, விசில் அடிக்குமே. மிக்ஸி போடல. பால்காரனை வாசல்லயே மடக்கினேன். இவர் டிவி போடப் போனார், ரிமோட்டைப் புடுங்கிக்கினேன். பசிக்குதுன்னார். பேக்கரி பன் ரெண்டு குடுத்து வெளிய அனுப்பினேன்.

எட்டு ஆச்சு. ஒன்பது ஆச்சு. கதவைக் கொஞ்சமா திறந்து பார்த்தேன். ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. வாய் மூடியிருந்துச்சு. போர்வை மெதுவா ஏறி இறங்குச்சு. சும்மா நின்னு பார்த்துக்கினே இருந்தேன்.

பத்து மணிக்கு அலறியடிச்சு எழுந்து வந்தா. தலைமுடி எல்லாம் பிரிஞ்சு.

"அத்தே, ஏன் எழுப்பல? மணி பத்து! அவரு துன்னாம போயிட்டாரா? மாமா எங்க?"

"எல்லாரும் துன்னாச்சு. உக்காரு, காபி தரேன்."

உட்காரல. சமையல்கட்டு நடுவுல அப்படியே நின்னா. நெத்தில கை வெச்சுப் பார்த்தா, எதையோ தேடற மாதிரி. ஜன்னல் பக்கம் வெயில். அதைப் பார்த்தா.

"அத்தே, தலை வலிக்கல."

"நல்லதுதானே."

"உடம்பு காத்து மாதிரி கீது." அப்பால மெதுவா, ஏதோ ரகசியம் கேட்கற மாதிரி: "எல்லாருக்கும் தினமும் காலைல இப்படித்தான் இருக்குமா அத்தே?"

ஆமாம்மான்னேன். வேற இன்னா சொல்றது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கினேன். பருப்பு ஊற வெச்சிருக்கேன், குக்கர் ஏத்தணும்.